பயிற்சிக்குப் போன பிள்ளை கடை முதலாளி ஆன கதை

கணக்குப் படிக்கிற பிள்ளைகளே, நீங்கள் பயிற்சிக்குக் கம்பெனி தேடுகிற லட்சணத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. ஏசி இருக்கிறதா, சனிக்கிழமை விடுமுறையா, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கமா, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை தருவார்களா. இவ்வளவுதான் உங்கள் விசாரணை. வாடகைக்கு வீடு பார்க்கிறவன்கூடக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பான். நீங்கள் அதுவும் செய்வதில்லை.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல கம்பெனியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கொஞ்ச நேரம் சொல்லுங்கள் ஐயா, பிள்ளைகளைப் பயமுறுத்திவிட வேண்டாம் என்று அங்கிருந்த பேராசிரியர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். நான் எழுந்து நின்றதும் முதல் கேள்வியே, போகாமல் வீட்டிலிருந்தே சான்றிதழ் வாங்கக்கூடிய கம்பெனி எது என்பதுதான். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. பேராசிரியரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஆரம்பித்ததும் மைக்கை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன். எழுத்தில் மைக்கைப் பிடுங்க முடியாது.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓர் உர மொத்தக் கடையில் வாசல் கூட்டித் தண்ணீர் தெளிக்க வந்தவன். ஓய்வு பெற்றபோது, தென்காசியிலிருந்து திருச்செந்தூர் வரை கிளை விரிந்த அதே வியாபாரத்துக்குக் கணக்குத் தலைவன். இங்கிலீஷ் எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை, உர மூட்டையில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் படித்தேன். ஆடிட்டர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று, "அண்ணாச்சி, இத நீங்க எப்படிப் பாக்கீங்க?" என்று கேட்பார்கள். பெருமைக்குச் சொல்கிறான் கிழவன் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். யாரும் தூக்கிவிடாமல் மேலே வந்தவனுக்கு அதைச் சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு.

யாரும் தூக்கிவிடவில்லை என்றேன். ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

கடையில் எனக்கு முன்னால் கணக்குப் பார்த்தவர் அவர். பேர் வேண்டாம், அவருக்கே பேர் பிடிக்காது. வாசல் கூட்டுகிற வேலையிலிருந்து கணக்கு மேஜைக்கு என்னை ஏற்றிய புதிதில், நான் சட்டைப் பையில் ஒரு பேனா குத்திக்கொண்டு திரிவேன். பழைய செய்தித்தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகுவேன். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி முதல் எழுத்துவரை சுற்றி வரும். அவ்வளவு அலங்காரம்.

ஒரு நாள் யூரியா லாரி வந்தது. முதலாளியின் மைத்துனர் சீட்டை என் முன்னால் நீட்டி, "இனி நீதானல கணக்கு, சரக்கு வந்துட்டுன்னு போடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவைத் திறந்து முதல் எழுத்தின் வளைவைத் தொடங்கப் போகும்போது, பின்னாலிருந்து ஒரு கை வந்து பேனாவை உருவியது.

"ஏலே, லோடப் பாத்தியா?" என்றார் பெரியவர்.

இல்லை என்றேன்.

"பொறவு அதுல ஓம் பேரு எதுக்குல?"

மைத்துனர் முகம் சிவந்துவிட்டது. பெரியவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் லாரிக்குப் போய், தார்ப்பாயைத் தூக்கி, மூட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவை என்னிடம் திருப்பித் தரவில்லை. தன் பையிலேயே வைத்துக்கொண்டார். அதன்பின் பென்சிலால்தான் எழுதினேன். நான் எழுதுவேன், அவர் பார்ப்பார், அவர் போடுவார். அவமானமாக இருக்கும். கடைத் தெருவில் என் வயசுக்காரன்கள் எல்லாம் பேனா வைத்திருந்தான்கள். வெகுநாள் கழித்து, ஒரு காலையில், ஒன்றும் சொல்லாமல் பேனாவை என் மேஜையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். என் பட்டமளிப்பு விழா அதுதான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். கற்றுக்கொள்கிற காலத்தில் உங்கள் வேலையைப் பார்த்து, அதன் கீழே தன் பெயரைப் போட ஒரு பெரிய ஆள் இருக்கிற இடம் எதுவோ, அதுவே நல்ல கம்பெனி. ஓடு வேய்ந்த கொட்டகையாக இருந்தாலும் சரி. வேலையை அவர்கள் செய்துவிட்டுப் பெயரை மட்டும் உங்களிடம் கேட்டால் அது கம்பெனி அல்ல, கண்ணி. அதற்குத்தான் இந்தக் கதை.

நான் இப்போது களக்காட்டில் இருக்கிறேன். எனக்கு அங்கே ஒரு வாழைத் தோட்டம் உண்டு. பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவன் சுடலைமுத்து. அவன் மகள் இசக்கியம்மாள் பி.காம். படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பயிற்சி முடித்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் அவர்கள் கல்லூரியில் கடைசிப் பரீட்சை எழுத விடுவார்கள். அதனால் என்னிடம் வந்து, எங்கே போகலாம் தாத்தா என்று கேட்டாள். கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனி, அங்கே கணக்குப் பார்க்கிறவன் என் பழைய சினேகிதன், கோபக்காரன், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் தூங்குவான், அங்கே போ என்றேன்.

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பளக் கம்பெனியா தாத்தா? காலேஜ்ல என்ன சொல்லிக் கூப்பிடுவாளுவோ தெரியுமா?"

அவள் வகுப்புப் பிள்ளைகள் பலர் பாளையங்கோட்டையில் ஒரு வரி ஆலோசனை நிறுவனத்துக்குப் போனார்கள். இவளும் போனாள். பெயர் சொல்ல மாட்டேன், கண்ணாடிக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். முகப்பு முழுக்கக் கண்ணாடி, உள்ளே சுழல் நாற்காலி, நுழைகிற இடத்தில் செயற்கைப் பூச்செடி. சுடலைமுத்து மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து ஊர் முழுக்கச் சொன்னான், உள்ளே போனால் குளிருகிறது என்று.

அங்கே என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம், எல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்பாள். சரி, நமக்குத் தெரியாத உலகம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் முற்பகல் சுடலைமுத்து வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். நான் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அவன் போன் அடித்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்து, போனை எடுத்து, திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக உரக்கச் சொன்னான். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பிள்ள ஆபீசுல இருந்து, அண்ணாச்சி. அவ ஆதார்ல என் போன் நம்பர்தான குடுத்திருக்கு. அப்பப்ப இதுல ஒரு நம்பர் வரும். நான் பாத்துச் சொன்னாத்தான் அங்கன அவளுக்கு வேலையே ஓடுது."

அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மகளின் ஆபீஸ் வேலையில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்கிற பூரிப்பு. கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. ஆனால் ஆதாருக்கு வருகிற எண் கையெழுத்துக்குச் சமம் என்பது தெரியும். வேலை பழகுகிற பிள்ளையின் கையெழுத்து அந்த ஆபீஸுக்கு அடிக்கடி எதற்கு?

சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை. ஆசையாகவே சொன்னாள். ஜிஎஸ்டி பதிவு எப்படி எடுப்பது என்று புத்தகத்தில் படித்தால் போதாதாம், நேரடியாகச் செய்து பழக வேண்டுமாம். அதனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரிலேயே ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொண்டு பதிவு எடுக்கச் சொன்னார்களாம். மாதிரிக்கு ஒரு வாடகைப் பத்திரம். மாதிரிக்கு ஒரு வங்கிக் கணக்கு. இவளுக்குக் கிடைத்தது பழைய இரும்பு வியாபாரம். "என் பேர்லயே லைவா நம்பர் வந்துட்டு தாத்தா. இன்னும் சில பேருக்கு வரவே இல்ல. எனக்குத்தான் மொதல்ல" என்றாள்.

பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள். உங்களில் எத்தனை பேர் இதைக் கேட்டு, நல்ல பயிற்சிதானே என்று நினைத்தீர்கள்? ஒரு கூலிக்காரனிடம் போய் உன் பேரில் கடை எடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், எதுக்குவே என்று கேட்பான். கணக்குப் படித்த பிள்ளைதான் இதற்குக் கை தூக்கும். பாடத்தில் வந்த விஷயம், செய்துபார்க்க ஆசை. அந்த ஆசையை வைத்துத்தான் வலை பின்னுகிறார்கள்.

சரக்கே இல்லாமல் வெறும் பில்லைப் போட்டு, வரி கட்டியதாகக் காட்டி, அரசாங்கத்தை ஏய்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்குப் பொருள் தேவையில்லை, லாரி தேவையில்லை. தேவை ஒரு பெயர். அதிகாரி தேடி வரும்போது மாட்டுவதற்கு ஒரு பெயர். அது இசக்கியம்மாளின் பெயராக இருந்தால் என்ன, சுடலைமுத்து மகளுக்காக எந்தப் பெரிய மனுஷன் கேட்கப்போகிறான்?

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. பயிற்சி முடிந்ததும் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுவோம் என்று சார் சொல்லியிருக்கிறார் என்றாள். சரி, நாளைக்கு அந்தச் சாரையே கேட்போம் என்று, மறுநாள் அவளையும் சுடலைமுத்துவையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனேன்.

உண்மையிலேயே குளிரத்தான் செய்தது. அந்த முதலாளி தங்கமான பேச்சுக்காரர். வாங்க அண்ணாச்சி, உட்காருங்க அண்ணாச்சி, டீயா காபியா. நான் எந்தக் கடையில் இருந்தவன் என்று தெரிந்ததும் இன்னும் இரண்டு அண்ணாச்சி. பிள்ளைகளுக்கு நேரடி அனுபவம் கிடைக்கட்டும் என்றுதான் இவ்வளவு மெனக்கெடுகிறாராம். மற்ற கம்பெனிகளில் ஜெராக்ஸ் எடுக்க விடுவார்களாம், இவர்தான் பதிவே எடுக்க விடுகிறாராம். சுடலைமுத்து தலையாட்டத் தொடங்கிவிட்டான். மேஜைமேல் அவருடைய குடும்பப் படம் இருந்தது. அதில் மீசை அரும்பிய ஒரு பையன்.

"மகனா?" என்றேன்.

"ஆமா அண்ணாச்சி. கோயம்புத்தூர்ல அவனும் பி.காம்.தான் படிக்கான்."

"நல்லது வே. நேரடி அனுபவம் அவனுக்கும் வேணும்லா. அவன் பேர்ல எந்தக் கடை எடுத்துக் குடுத்திருக்கீரு?"

அவர் டீயைக் கலக்கினார். ஏற்கெனவே கலக்கிய டீதான். நான் இசக்கியம்மாளைப் பார்த்தேன். அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு மணி நேரம் பேசியும் ஏறாதது அப்போது அவளுக்கு ஏறிவிட்டது. உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள்.

பிறகு அவர் அண்ணாச்சி போடுவதை நிறுத்திவிட்டார். சான்றிதழ் தருவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அதற்குள் பிள்ளை அவசரப்பட்டு எதையாவது செய்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். இதைவிடப் பளிச்சென்று ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது.

அங்கிருந்து கல்லூரிக்குப் போனோம். எனக்கு அதிகக் கோபம் அங்கேதான். பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சான்றிதழ் இல்லாமல் இந்த வருஷம் பரீட்சைக்கு அனுமதிக்க முடியாது, பைய பார்த்துக்கொள்ளலாம், வெளியே போனால் கல்லூரியின் பேர் கெட்டுவிடும் என்றார்.

"ஒங்க பேரு இனிமேத்தான் கெடணும். இந்தப் பிள்ள பேரு ஏற்கெனவே ஒரு இரும்புக் கடை வாசல்ல தொங்குது. எது மொத அவசரம்?" என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வகுப்பு இருக்கிறதாம். பிள்ளைகளை அனுப்புவதற்கு முன்னால் ஓர் எட்டு அந்தக் கம்பெனிக்குப் போய் என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று பார்க்க வகுப்பு இல்லாத ஒரு பொழுது அவருக்குக் கிடைத்ததில்லை.

கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். சுடலைமுத்து மெதுவாக ஆரம்பித்தான். ஒரு வருஷம் போய்விடுமே என்றான். சான்றிதழை வாங்கிக்கொண்டு பிறகு எழுதிக் கொடுத்தால் என்ன என்றான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். வாழை காற்றில் சாய்ந்தபோதுகூட மகளின் படிப்பை நிறுத்தாதவன். ஆனால் அதுவரை அந்தக் கடையின் பெயரில் எத்தனை பில் போகும், எந்த ஊருக்குப் போகும் என்று நான் அவனுக்குச் சொல்ல வாயெடுத்தேன்.

இசக்கியம்மாள் குறுக்கே வந்தாள். "எப்பா, நீ வெயில்ல நின்னு நம்பர் சொன்னீல்லா. அதெல்லாம் என் கையெழுத்துப்பா. ஒன் வாயால போட்டுருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "தாத்தா, பேனா இருக்கா?" என்றாள்.

கொடுத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவாள் என்று நினைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மதிப்பிற்குரிய என்று தொடங்கினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நோட்டை முழங்கையில் தாங்கிக்கொண்டு தானே எழுதினாள். யார் சொல்லி எடுத்தது, எதற்காக என்று சொன்னார்கள், எந்த எந்த எண்ணைத் தன் தகப்பனாரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தாள், தனக்கு அப்படி ஒரு கடை இல்லை, இருந்ததும் இல்லை. ஓர் அலங்காரம் கிடையாது. நான் சொல்லியிருந்தால் இரண்டு பக்கம் நீட்டியிருப்பேன்.

வணிகவரி அலுவலகத்தில் ஓர் அதிகாரி அம்மா அதை வாங்கி நிதானமாகப் படித்தார். நல்ல வேளை, நேரில் வந்து சொன்னாயே, பில் அதிகம் போகும் முன்னால் வந்தாயே என்றார். பதிவை நிறுத்தி வைத்தார்கள். அதன்பின் விசாரணைக்கு அவளும் நானும் பலமுறை அலைந்தோம். அந்த இரும்புக் கடையிலிருந்து அவள் பெயர் வெளியே வந்துவிட்டது. வருஷம் போய்விட்டது. தோழிகள் பரீட்சை எழுதிப் படம் எடுத்துப் போட்டபோது, அவள் அப்பாவோடு வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் வரப்பில் நின்று பார்த்தேன்.

மற்ற பிள்ளைகளில் சிலர் தகப்பன்மார்களோடு வந்து எழுதிக் கொடுத்தார்கள். சிலர் வரவில்லை. சான்றிதழைக் கெடுத்தவன் என்று ஒரு தகப்பன் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கண்ணாடிக் கம்பெனி முதலாளி மீது விசாரணை நடக்கிறது. நடந்துகொண்டே இருக்கிறது. வேறு தெருவில், வேறு பெயரில், வேறு கண்ணாடி மாட்டியிருக்கிறார் என்று கேள்வி. அங்கேயும் குளிருமாம். இந்த வருஷமும் நீங்கள் வரிசையில் நிற்பீர்கள்.

நிற்கும் முன் ஒன்று கேளுங்கள். நான் செய்கிற வேலையின் கீழே யார் பெயர் வரும்? பதில் சொல்லத் திணறினால், அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வாருங்கள். ஒரு வருஷம் போனால் போகட்டும்.

இசக்கியம்மாள் இப்போது கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனியில்தான் பயிற்சி எடுக்கிறாள். முதல் வாரமே என் சினேகிதன் போனில் கத்தினான்.

"என்ன பிள்ளைய வே அனுப்பியிருக்கீரு?"

என்ன செய்தாள் என்றேன்.

"மாடியில காயப்போட்ட அப்பளத்துக்குக் கணக்கு எழுதச் சொன்னேன். எழுதிட்டு. சரி, கொண்டா, நான் கையெழுத்துப் போடுதேன்னு பேனாவ எடுக்கேன், தர மாட்டேங்குது வே. நீங்க மேல போய்ப் பாத்தீங்களா மாமான்னு கேக்குது. எனக்கு முட்டு வலி, ஒமக்குத் தெரியும்லா."

"தெரியும்" என்றேன். "ஏறும் வே."